அவரையை அவரே உரிக்கட்டும்

முதியோர் இல்லங்களில் காலை நேரம் ஓட்டமாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேரைக் கவனிக்க ஒரே ஒரு பணிப்பெண். எட்டு மணிக்குள் எல்லோருக்கும் பல் தேய்த்து, குளிப்பாட்டி, துணி மாற்றி, பலகாரம் கொடுத்து முடிக்க வேண்டும். சட்டை பட்டனோடு தடுமாறும் தாத்தாவுக்காக ஐந்து நிமிடம் காத்திருந்தால் அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் காபி ஆறிப்போகும். அதனால் பட்டனைப் பணிப்பெண்ணே போட்டுவிடுகிறார். சேலை கட்ட நேரமாகிறது என்று பாட்டிக்கு நைட்டி மாட்டிவிடுகிறார். சாப்பாட்டைச் சிந்துகிறார்கள் என்று ஊட்டிவிடுகிறார். எல்லாம் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் இல்லத்துக்குள் தன் காலால் நடந்து வந்தவர் சில மாதங்களில், ஆள் பிடித்தால் எழுவார், ஊட்டினால் சாப்பிடுவார் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். பார்க்க வரும் பிள்ளைகள் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

வயது ஒரு காரணம். செய்யாமல் விட்டது இன்னொரு காரணம். திடமாக இருக்கும் முதியவர்களையே பத்து நாள் கட்டிலை விட்டு இறங்காமல் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஏற்கெனவே நோயும் தளர்ச்சியும் உள்ளவருக்கு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆக்குபேஷனல் தெரபி இந்த இரண்டாவது காரணத்தோடு மல்லுக்கட்டுகிற மருத்துவம். ஓ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை ஒருவர் செய்யும் காரியங்கள் இருக்கின்றனவே, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய்வருவது, பூக்கட்டுவது, விளக்கேற்றுவது, அவற்றையெல்லாம் முடிந்தவரை அவரே செய்ய வழிபண்ணுவதுதான் இதன் வேலை. பிசியோதெரபிஸ்ட் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, தொடையில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்ப்பார். ஓ.டி. நிபுணர், அந்தக் காலை வைத்துக்கொண்டு இவர் இந்தக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று பார்ப்பார். முடியவில்லை என்றால் ஆளைப் பழக்குவார், அல்லது செய்யும் முறையை மாற்றுவார், அல்லது இடத்தையும் பொருளையும் மாற்றுவார். வயதானவர்களிடம் கடைசி வழிதான் பெரும்பாலும் சீக்கிரம் பலன் தருகிறது.

இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யைச் சொல்ல வேண்டும். 1954இல் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் அவர் முயற்சியில் வந்தது. உடம்பு குறைந்தாலும் செயல் குறைய வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் ஓ.டி. தனித் துறையாக அங்கீகாரம் பெற்றிருக்கிறது.

கேரளத்தின் பாலக்காட்டு மலைப்பகுதியான நம் அட்டப்பாடிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளிலும் பெரியவர்கள் பெரும்பாலும் வீட்டோடுதான் இருக்கிறார்கள். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் வயதானவரை வெளியே அனுப்பும் வழக்கமே கிடையாது. ஆனால் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட குடியேறிகளின் வீடுகள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஆனைகட்டி வழியாகப் போனால் கோவை இல்லங்கள், சுரம் இறங்கினால் மண்ணார்க்காடு, பாலக்காட்டு இல்லங்கள். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே அதுதான் அதிகம். யாருமில்லாத பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இல்லத்துக்கு அனுப்புவதும் உண்டு. ஆகவே இன்று இல்லையென்றாலும் நாளை நம்மில் பலர் ஓர் இல்லத்தின் வாசலில், விண்ணப்பத் தாளோடு நிற்கப் போகிறவர்கள்தான்.

மலையிலிருந்து இறங்கிப் போகும் பெரியவருக்கு முதலில் வரும் சிக்கல் மொழி. பாலக்காட்டு இல்லங்களில் மலையாளம் நடக்கிறது. இவருக்குத் தமிழோ இருளமோதான் வாயில் வரும். நினைவாற்றலைச் சோதிக்க வருபவர் "இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்று கேட்பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டி விழிப்பார். உடனே தாளில் 'மறதி நோய்' என்று ஒரு சந்தேகக் குறி விழுந்துவிடும். இந்தக் கோளாறு தெரிந்துதான் 1990களில் அரியானாவின் பல்லப்கரில், எழுத்தறியாத கிராமத்து முதியவர்களுக்கென்றே இந்தியில் தனி நினைவுச் சோதனை உருவாக்கினார்கள். நல்ல ஓ.டி. நிபுணர் தேதியோடு நிற்க மாட்டார். "சாமை எப்போ விதைப்பீங்க, துவரை எப்போ காயும், மல்லீஸ்வரன் முடிக்குச் சிவராத்திரிக்குப் போனதுண்டா" என்று அவர் அறிந்த உலகத்திலிருந்து கேட்பார். அட்டப்பாடி ஊர்களில் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்புகள் உண்டு. விதைப்புச் சடங்குகளில் முன்நின்ற மண்ணுக்காரர் ஒருவர் இல்லத்துக்கு வந்தால், அவரை உட்காரவைத்துப் படத்துக்கு வர்ணம் அடிக்கச் சொல்வது அவமானம். இதை நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். வயதானவர்களைக் குழந்தைகளாக நடத்தும் பொழுதுபோக்குகளை 'தெரபி' என்று பெயர் சொல்லி இல்லங்களின் விளம்பரத் தாளில் போடும் வழக்கம் வந்துவிட்டது.

முதல் சந்திப்பில் நிபுணர் இரண்டு விதமாகப் பார்ப்பார். ஒன்று அளவுகோல். 1965இல் வந்த பார்தல் குறியீடு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு, படியேறுவது என்று பத்துக் காரியங்களைப் பார்த்து 100க்கு மதிப்பெண் போடுவார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போட்டால் ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். மற்றது பேச்சு. "இவற்றில் எதை நீங்களே செய்யணும்னு ஆசை?" என்று கேட்க வேண்டும். பதில் பல சமயம் எதிர்பாராததாக இருக்கும். நடை போய்விட்ட ஒரு பாட்டி, நடப்பதைப் பற்றிப் பேசாமல், "பாத்ரூமுக்கு ஆம்பள ஆள் கூட்டிட்டுப் போறது கூச்சமா இருக்கு" என்று சொல்லக்கூடும். அப்படியானால் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி அவரை. அட்டப்பாடியின் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் துவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்டின் கொம்புபோல வளைந்த, ஊதா நிறம் ஏறிய காய். பக்கவாதத்தில் இடதுகை தளர்ந்த ஒருவர் முன்னால் ஒரு முறத்தில் இந்த அவரையை வைத்து உரிக்கச் சொல்கிறார் நிபுணர் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது சமையலறை வேலை. நிபுணர் அதில் வேறு கணக்குகள் வைத்திருப்பார். முறத்தை வேண்டுமென்றே சற்று இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார். அதை எட்ட உடம்பை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், உட்கார்ந்திருக்கும் சமநிலை அதில் பழகும். பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் இருக்காது, தட்டின் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். கண்ணும் தலையும் இடப்பக்கம் திரும்பப் பழகுவது அவர்களுக்குப் பெரிய காரியம். தளர்ந்த கை காயை அழுத்திப் பிடித்தால் போதும், நல்ல கை நாரைக் கிழிக்கும். ஒரு வாரம் கழித்து வேலையை மாற்றிக்கொள்வார்கள். இப்போது தளர்ந்த கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பருப்பை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அவரை பெரிய காய், பிடிக்க எளிது. அது கைவந்தால் துவரை. துவரை கைவந்தால் சாமையில் கல் பொறுக்குவது. எளிதிலிருந்து கடினத்துக்கு ஒவ்வொரு படியாக ஏற்றுவதில்தான் இந்தத் துறையின் திறமை இருக்கிறது. கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து நூறு முறை அமுக்கச் சொன்னால் பத்தில் சலித்துப்போகிறவர், அவரை உரிப்பதை அரைமணி நேரம் செய்வார். உரித்தது மதியக் குழம்பில் வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

உடுத்துவதற்கு ஒரு விதி உண்டு. அதை மனப்பாடம் செய்துகொண்டால் வீட்டிலும் உதவும். கை விழுந்தவருக்குச் சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். கட்டில் விளிம்பில், பாதம் முழுதும் தரையில் படும்படி உட்கார்ந்துதான் இதைச் செய்ய வேண்டும். நின்றுகொண்டு ஜாக்கெட்டோடு போராடி விழுந்தவர்கள் ஏராளம். ஜாக்கெட்டின் கொக்கிக்குப் பதில் ஒட்டுப்பட்டை தைக்கலாம். வேட்டி இடுப்பில் நிற்காதவருக்கு வெல்க்ரோ வைத்த வேட்டி கடைகளிலேயே கிடைக்கிறது. சேலையை விட முடியாத பாட்டிக்கு முன்கொசுவத்தை முதலிலேயே தைத்து வைத்துவிடலாம். நைட்டி எளிதுதான். ஆனால் அறுபது வருடம் சேலை கட்டியவருக்கு நைட்டியில் ஆள் முன்னே வர மனம் வராது. அறைக்குள்ளேயே இருந்துவிடுவார். நடை குறையும், பேச்சு குறையும், பசி குறையும்.

இல்லங்களில் அதிகம் ஆள் விழும் இடங்களில் ஒன்று கழிப்பறைக்குப் போகும் வழி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இல்லங்களில் இருப்பவர்களிடம் இது இன்னும் அதிகம். ஓ.டி. நிபுணர் வந்தால் முதலில் கட்டிலின் உயரத்தைப் பார்ப்பார். உட்கார்ந்தால் கால் தொங்கக் கூடாது, முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பவும் கூடாது. பிறகு இரவு விளக்கு. பிறகு வாசற்படி விளிம்பில் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை, மங்கிய கண்ணுக்குப் படி தெரிவதற்காக. சுவரில் கைப்பிடிக் கம்பி, அதுவும் நல்ல கை இருக்கும் பக்கத்தில். தரைமட்டக் கழிப்பறைதான் என்றால் மேலே வைத்துக்கொள்ள நடுவில் துளையுள்ள ஸ்டூல், அதன் நான்கு காலுக்கும் ரப்பர் குமிழ். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. இந்த மாற்றங்களில் பலவற்றுக்கு ஆகும் செலவு, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆகும் ஒருநாள் செலவுக்குள் அடங்கிவிடும்.

சாப்பாட்டுக்கும் இதே கண். தட்டு நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி. வழித்து எடுக்கத் தோதாக விளிம்பு உயர்ந்த கிண்ணம். ஸ்பூனின் பிடியில் துணியோ சைக்கிள் டியூபோ சுற்றிப் பருமனாக்கினால் நடுங்கும் விரல்களுக்குப் பிடி கிடைக்கும். ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதைக் கொடுத்தால், சோற்றைவிடச் சிந்தாமல் தானே கையால் எடுத்துச் சாப்பிடுவார். ஆனால் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவராக இருந்தால் களி தொண்டையில் அடைக்கலாம். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது. யாரையும் படுக்க வைத்து ஊட்டவும் கூடாது.

மறதி நோய் வந்தவர்களிடம் முறை வேறு. புதிதாகக் கற்றுக்கொடுப்பது கடினம், பழகியது உள்ளே இருக்கும். "போய்க் குளிச்சிட்டு வாங்க" என்பது ஆறேழு காரியங்களை ஒரே வாக்கியத்தில் சொல்வது. அதைத் துண்டு போட வேண்டும். சொம்பைக் கையில் கொடுத்து, "தண்ணி மொண்டு ஊத்துங்க" என்றால் போதும், மிச்சத்தைக் கையே செய்துகொள்ளும். கழிப்பறைக் கதவில் எழுத்தை ஒட்டாமல் படத்தை ஒட்ட வேண்டும். சாயங்காலம் ஆனதும் "வீட்டுக்குப் போகணும், மாட்டைக் கட்டணும்" என்று எழுந்து அலைபவரை அதட்டி உட்கார வைப்பதைவிட, அந்த நேரத்துக்கென்றே கையில் ஒரு வேலை கொடுப்பது நல்லது. துணி மடிக்கலாம், வெற்றிலை துடைத்து அடுக்கலாம். இருளர் பெரியவரென்றால் தவிலும் கொகல் என்னும் குழலும் ஒலிக்கும் பாட்டைப் போட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுபோனவர்கள்கூடத் தாளம் தட்டுவதுண்டு.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? 1997இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் அரசு உதவியில் கட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்த 361 முதியவர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்பது மாதம் ஓ.டி. இன்னொரு குழுவுக்கு கூடிப் பொழுதுபோக்கும் நிகழ்ச்சிகள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. ஓ.டி. குழுவில் உடலும் மனமும் தேறியது. பொழுதுபோக்குக் குழு, எதுவும் பெறாத குழுவைவிட மேலாக இல்லை. சும்மா ஏதோ ஒன்றில் ஈடுபடுத்தினால் போதாது, அவரவர் வாழ்க்கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அதற்கும் முன்னால், 1976இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. அமெரிக்க இல்லமொன்றில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் செடி கொடுத்து, பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். மற்றத் தளத்தில் செடிக்கு நர்ஸே தண்ணீர் ஊற்றினார். மூன்றே வாரத்தில் முதல் தளத்தவர் கூடுதல் சுறுசுறுப்பாகத் தெரிந்தார்கள்.

கசப்பான முடிவும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 228 இல்லங்களில் பக்கவாதம் வந்த 1,042 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. மூன்று மாதம் ஓ.டி. கொடுத்த இல்லங்களுக்கும் கொடுக்காதவற்றுக்கும் அன்றாடக் காரியத் திறனில் வித்தியாசம் இல்லை. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மிகக் கடுமையாக முடங்கியவர்கள். என் புரிதலில் இது சொல்வது ஒன்றுதான்: எல்லாம் போனபிறகு மூன்று மாதம் ஆள் அனுப்பிப் பயனில்லை. இல்லத்துக்குள் காலடி வைத்த முதல் வாரத்திலேயே, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத் தொடங்க வேண்டும். முழுதும் முடங்கியவருக்கும் வலி குறையவும், புண் வராமல் படுக்கவும், கௌரவமாக இருக்கவும் ஓ.டி. உதவும். ஆனால் அதை 'குணமாக்குதல்' என்று பிள்ளைகளிடம் விற்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. அவரை உரிப்பது சிகிச்சை என்றானதும், இல்லத்துச் சமையலறை வேலையெல்லாம் பெரியவர்கள் தலையில் விழக்கூடிய ஆபத்து இருக்கிறது. மனநல நிலையங்களில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். முதியோர் இல்லமும் அதே நெறியில் நடக்க வேண்டும். அவர் விரும்பித் தேர்ந்த வேலையா, போதும் என்றதும் எழுந்து போக முடிகிறதா, அவர் வராவிட்டாலும் குழம்பு நிற்காமல் நடக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அங்கே சிகிச்சை நடக்கவில்லை, வேலைதான் வாங்குகிறார்கள்.

நிபுணரை எங்கே தேடுவது? மலைக்குள் கிடைப்பது கடினம்தான். கோவையில் கே.எம்.சி.எச்.சில் ஓ.டி. கல்லூரி இருக்கிறது. திருச்சூர் மாவட்டம் கல்லேற்றும்கரையில் கேரள அரசின் நிப்மர் நிறுவனத்திலும் பட்டப்படிப்பு நடக்கிறது. ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டி, செய்ய வேண்டியதை எழுதி வாங்கிவந்தால், அதை இல்லத்துப் பணியாளர் தினமும் செய்விக்கலாம். தேசிய முதியோர் நலத் திட்டத்தின் வழிகாட்டியில், சமூக சுகாதார நிலையங்களில் மறுவாழ்வுப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அகளி நிலையத்திலும் கோட்டத்தறை அரசு மருத்துவமனையிலும் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் பணியிடம் நிரம்பும். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸிடமும் சொல்லி வையுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்கு வாக்கர், சக்கர நாற்காலி, காதுக் கருவி முதலியவை ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசம். விவரத்துக்கும் புகாருக்கும் முதியோர் உதவி எண் 14567.

சேர்க்கப் போகும்போது ஆதாரோடும் மருந்துச் சீட்டோடும் இன்னொரு தாளும் கொடுங்கள். அவர் என்ன வேலை செய்து வாழ்ந்தார், எந்த மொழியில் பேசினால் திரும்பிப் பார்ப்பார், எந்தக் கை பழக்கம், எத்தனை மணிக்கு எழுவார், எதைத் தானே செய்கிறார், எதற்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை போகும்போது அந்தத் தாளை வைத்துக்கொண்டு, தானே செய்தவை இப்போதும் நடக்கின்றனவா என்று கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் ஓ.டி. நிபுணரிடம் போகலாம். நேற்றுவரை தானே சாப்பிட்டவர் இன்று திடீரென்று ஸ்பூனைப் பிடிக்கவில்லை, ஆளை அடையாளம் தெரியவில்லை, வாய் கோணுகிறது என்றால் தெரபிக்குக் காத்திருக்கக் கூடாது. பக்கவாதமாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ மருந்தின் கோளாறாகவோ இருக்கலாம். அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.